தட்டத் தட்டக் குதிப்பேன்

"டொக்! டொக்!"

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. கூடத்தின் நடுவே காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தீயணைப்பு வீராங்கனை, கணவனைப் பார்த்து முறைத்தாள்.

"கேட்டீங்களா? கீழ்வீட்டுக்காரரு மறுபடியும் கம்பால தட்டுறாரு!"

"நீ குதிச்சா அவரு தலைமேல இடி விழுற மாதிரி இருக்குமே," என்றான் கணவன். மருந்துக்கடை வைத்திருப்பவன்; எதற்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிற ரகம். "நான் வேணா போய் ஒரு சாரி சொல்லிட்டு வந்துடட்டுமா?"

"எதுக்கு சாரி? என் வீட்டுல நான் குதிக்கிறேன்!"

சடாரென்று எழுந்தவள் முன்னைவிட ஓங்கிக் குதித்தாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது சீருடையின் பெல்ட் கடைசித் துளையிலும் மாட்டவில்லை. "மாசக் கடைசியில உடல்தகுதித் தேர்வு. தண்ணிக் குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு, பயிற்சிக் கோபுரத்துல நேரத்துக்குள்ள ஏறணும். இல்லேன்னா உனக்கு வண்டி கிடையாது, டெலிபோன் மேஜைதான்," என்று நிலைய அதிகாரி சொல்லிவிட்டார். வண்டி மணியடித்துக்கொண்டு பறக்க, தான் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

கைக்குழந்தைக்காரிக்கு நேரம் ஏது? அதனால்தான் ஹிட் என்கிற இந்த அதிரடிப் பயிற்சி. கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்துக் குதிக்க வேண்டும். பிறகு சின்ன ஓய்வு. போன் 'பீப்' என்றதும் மறுபடியும் உயிரைக் கொடுக்க வேண்டும். கொடுத்த உயிர் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை என்பதால், பீப் அடித்த பிறகும் அவள் உட்கார்ந்தே இருப்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் கம்பு தட்டும்.

"நான் குதிக்கிறப்ப தட்டினா எனக்குக் கேக்காதாம். அடங்குற வரைக்கும் காத்திருந்து தட்டுறாரு. என்ன ஒரு கெட்ட எண்ணம் பாருங்க!"

குடிவந்ததிலிருந்து அந்த மனிதரை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. கம்பை மட்டுமே தெரியும்.

"ஒருவேளை அந்த பீப் சத்தந்தான் தொந்தரவோ?" என்று கணவன் போனின் வாயை அடைத்தான். பீப் இல்லாததால் அவளுடைய ஓய்வு தாராளமாக நீண்டது. தட்டலோ மூன்று மடங்கானது.

அடுத்து, தரையில் மெத்தையைப் போட்டான். அவள் குதித்த குதியில் மெத்தை வழுக்கிக்கொண்டு போக, அவள் இரும்பு பீரோவில் போய் மோதினாள். வீடே அதிர்ந்தது. முழங்கையைத் தேய்த்துக்கொண்டு அவள் உட்கார, கீழே நெடுநேரம் அமைதி. பிறகு, சற்றே மென்மையாக ஒரு 'டொக்'.

"விழுந்தவளைக்கூட விட மாட்டேங்கிறாரே!" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வீட்டுல வேண்டாம். மாடிப்படியில ஓடேன்," என்றான் கணவன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் படியில் தலைதெறிக்க இறங்கி ஓடினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தீயணைப்புக்காரியே உயிர் தப்ப ஓடுகிறாள் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மேல்மாடிக்காரர் டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பக்கத்து வீட்டம்மா துவைக்கப் போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடினார்.

"பதறாதீங்க, ஒண்ணும் இல்ல!" என்று அவள் கத்தினாள். தீ விபத்தில் வழக்கமாகச் சொல்வதும் அதேதான் என்பதால் கூட்டம் இன்னும் வேகமாக ஓடியது. இன்னும் இறங்காதவர்களிடமாவது விளக்கிச் சொல்லலாம் என்று மேலே ஓடினாள். "ஐயோ, உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்க போல!" என்று வாசலில் அலறல் கேட்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாதி மழித்த முகத்தோடு தெருவில் நின்றார். "இனிமே நீங்க படியில நடந்துதாம்மா போகணும். சிரிச்சுக்கிட்டே நடந்தா இன்னும் நல்லது."

அவள் விடுவிடுவென்று வீட்டுக்குள் வந்தாள். மெத்தையைத் தூக்கி எறிந்தாள்.

"இனி யாருக்கும் பயப்பட மாட்டேன். அவரு தட்டத் தட்ட நான் குதிப்பேன். கம்பு உடையுதா, நான் உடையிறேனான்னு பாத்துடலாம்!"

பார்த்தாள். தினமும் தட்டினார், தினமும் குதித்தாள். உட்கார்ந்த இடத்தில் 'டொக்' கேட்டால் போதும், ரோஷம் பொத்துக்கொண்டு வரும், எழுந்துவிடுவாள். பெல்ட் மெல்லக் கடைசித் துளையில் மாட்டியது. அப்புறம் அதற்கு முந்தியதிலும்.

தேர்வு நாளில், கோபுரத்தின் பாதியிலேயே கால் கெஞ்சியது. குழாய் தோளை அழுத்த, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டெலிபோன் மேஜை கண்முன் வந்து போனது. அப்போது காதுக்குள் எங்கோ 'டொக்' என்று கேட்டது போலிருந்தது.

"யோவ், உன்னை!" என்று கத்திக்கொண்டே மிச்சப் படிகளையும் ஏறி முடித்தாள். நேரம் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, தன்னைத்தான் சொல்கிறாளோ என்று இரண்டடி பின்வாங்கினார். ஆனாலும் தேறியதாக அறிவித்துவிட்டார்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கீழ்வீட்டுக் கதவுக்குப் போனாள். "வேண்டாம்மா, ஜெயிச்சாச்சில்ல, விட்டுடேன்," என்று கணவன் பின்னாலேயே ஓடிவந்தான். அவள் கதவை ஓங்கித் தட்டினாள். வெள்ளைத்தலை அம்மா ஒருவர் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அவரு எத்தனை தட்டு தட்டியும் நான் அடங்கல, தேர்வுல ஜெயிச்சுட்டேன்!"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "ஏங்க, உங்க பொண்ணு பாஸாயிட்டாளாம்!" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்காரும்மா. நீ ஓய்வுன்னு உட்கார்ந்து நேரத்தைக் கடத்தினா அவருக்குப் பொறுக்காது, எழுப்பிவிடத்தான் தட்டுவாரு. பி.டி. மாஸ்டரா இருந்த காலம் பூரா, ஒரு தட்டுக்கே எந்திரிச்சுக் குதிக்கிற இப்படியொரு சொல்பேச்சு கேக்குற பொண்ணை அவரு பாத்ததே இல்லையாம்!"