காதுல வச்ச சேனை

எங்க வீட்டுக்காரர் சிவராஜ், ஒரு நாள் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போடாமல், கூரையைப் பார்த்து ஒரு சபதம் எடுத்தார்.

"மேகலா, என் தங்கச்சிக்குப் பொறக்கப்போற மருமவ காதுல முதல்ல விழற பாட்டு ஜாஸ் பாட்டாத்தான் இருக்கும்."

"மருமவன் பொறந்தா?"

"எவன் பொறந்தாலும் காது ரெண்டு இருக்குமில்ல?"

"முதல்ல களிய முழுங்குங்க. ஆறிட்டா கல்லாயிடும்."

முழுங்கினார். சபதமும் சேர்ந்து உள்ளே போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை.

அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். எங்க கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு புது மெஷினை மாட்டிக் கொடுக்க வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்தாராம். வேலை செய்யும்போது ஒரு குட்டி ஸ்பீக்கரில் இந்த ஜாஸைப் போட்டுக்கொண்டே இருப்பாராம். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அந்த ஆள் ஊருக்குப் போய்விட்டார். பாட்டு மட்டும் எங்க வீட்டுக்காரர் தலைக்குள் தங்கிவிட்டது. மெஷினாவது அப்பப்போ பழுதாகி நிற்கும். இது நிற்கவே நிற்காது.

அந்தப் பாட்டில் வார்த்தையே கிடையாது. ஒரு குழல் தனியாக எங்கேயோ போகும், கன்னுக்குட்டியைக் காணாத மாடு கூப்பிடுகிற மாதிரி. பின்னாலேயே ஒருத்தர் தடிக் கம்பியை டும் டும் என்று இழுப்பார். இன்னொருத்தர் பியானோவில் நினைத்தால் தொடுவார், நினைக்காவிட்டால் விட்டுவிடுவார். ஒருத்தர் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி குச்சியால் தட்டிக்கொண்டே இருப்பார். நாலு பேரும் நாலு பஸ்ஸில் ஏறி நாலு ஊருக்குப் போவார்கள். கடைசியில் எப்படியோ ஒரே ஸ்டாப்பில் வந்து இறங்குவார்கள். அந்த இடத்தில் எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்பார். அவர்கள் டிக்கெட் எடுத்தார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

பாவம், அந்த ஆஹாவுக்குத் துணை கிடையாது. கம்பெனி பஸ்ஸில் போட்டால் டிரைவர், "ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சாப்பா?" என்று கேட்கிறாராம். எங்க பொண்ணு பிறந்தபோது ஆசையாக அவள் பக்கத்தில் போட்டுக் காட்டினார். அவள் கத்திய கத்தலில், கீழே குடியிருக்கிற வீட்டுக்கார அம்மா சரோஜம்மாள் விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு மாடி ஏறி ஓடி வந்துவிட்டார். ரெண்டு வயசாகியும் எங்க பொண்ணுக்கு மிக்ஸி சத்தம்தான் தாலாட்டு.

"ரத்தத்துல ஏதோ கொறை" என்றார் அவர்.

"உங்க ரத்தத்துலயா, என் ரத்தத்துலயா?"

"கலந்ததுல."

அதனால்தான் தங்கச்சி குழந்தைமேல் அவ்வளவு நம்பிக்கை. இந்த உலகத்தில் அவரோடு சேர்ந்து ஆட ஒரே ஒரு தலை வேண்டும். எவ்வளவு சின்னத் தலையாக இருந்தாலும் பரவாயில்லை.

தங்கச்சி பெயர் ஜெயப்ரியா. அவர்களுக்கு அம்மா இல்லை. அதனால் தாய் வீடு என்றால் மத்திகிரியில் எங்க மாடி வீடுதான். ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தோம். நல்லபடியாகப் பொண்ணு பிறந்தது.

எங்க பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். நல்ல குணமுள்ள ஒருத்தர் விரலில் சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு நாக்கில் வைப்பார். வைத்தவர் குணம் அப்படியே குழந்தைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் அதெல்லாம் நடக்கவில்லை.

"தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு உள்ள போச்சு, மொத்தப் பேரையும் வெளிய அனுப்பிடுவேன்."

"நாக்குலதான வேணாங்கறீங்க சிஸ்டர்?" என்றார் இவர்.

"பின்ன எங்க வைப்பீங்க?"

"காதுல."

நர்சம்மா ட்ரேயைக் கீழே போடாத குறை. "யோவ்! சர்க்கரைத் தண்ணிய குழந்தை காதுல ஊத்துவியா?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அப்புறம் எங்க வீட்டுக்காரர் கம்பெனி யூனிபார்ம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். சத்தத்தை ரொம்பக் குறைத்தார். குழந்தைக்குக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டார். கொசு பாடுகிற அளவுக்கு அந்தக் குழல் பாடியது.

வெளியே ஓசூர்த் தூறல். ஜன்னல் கம்பியில் தண்ணி வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை கண்ணை மூடியபடியே இருந்தாள். மூடியிருந்த கை மெதுவாகத் திறந்தது. சுண்டு விரல் மட்டும் ஒரு தடவை ஆடியது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை.

"தாளம் போடறா மேகலா!"

வாயுவாக இருக்கும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணி நிறைந்து, எங்கே விழுந்து குழந்தை நனைந்துவிடுமோ என்று அண்ணாந்து நின்றார். அந்த நேரத்தில் எனக்கும் அந்தக் குழல் வேறு மாதிரி கேட்டது. கன்னுக்குட்டி கிடைத்துவிட்ட மாடு மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் தூறல் நின்று பெருமழை பிடித்துக்கொண்டது. மருமகள் அழுத அழுகையைத்தான் சொல்கிறேன். மத்தியானமானால் ஆரம்பித்துவிடுவாள். வெந்நீர் வைக்கணும், சாம்பிராணி போடணும், பத்தியத்துக்குப் பூண்டு உரிக்கணும், துணி மாற்றணும், நடுவில் எங்க பொண்ணையும் பார்க்கணும். நானும் ஜெயப்ரியாவும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினோம்.

எங்க வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடித்து வருவார். "என் ரசிகை எப்படி இருக்கா?" என்று தூளிக்குள் எட்டிப் பார்ப்பார். கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாப்பிடுவார். அப்புறம் மரம் சாய்ந்த மாதிரி சாய்ந்துவிடுவார். ஜாஸும் தெரியாது, ரசிகையும் தெரியாது.

ஒரு நாள் துணி காயப்போட மாடிக்கு வந்த சரோஜம்மாள் எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் சுடுகாட்டுல இருந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கீங்க. சேனை யாரு வச்சது?"

"அவர்தாங்க. காதுல."

"காதுலயா! என் பங்காரு, உனக்கு வந்த கதியப் பாரு!" என்று குழந்தையைக் கொஞ்சினார். "அப்ப இது அவன் கைக்குத்தான் அடங்கும். வச்சவன எழுப்புங்கடி."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசனை வந்தது.

கிண்டலுக்கு வாய் உண்டு, வேலை ஏவ எனக்கு வாய் கம்மி. 'எந்திரிச்சு வந்து தூளிய ஆட்டுங்க' என்று அவரிடம் நேராகச் சொல்ல நாக்கு எழும்பாது. ஆனால் ஒருத்தரைப் பெருமையாகச் சொல்ல அவ்வளவு தைரியம் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குழந்தை வயிறு முட்டப் பால் குடித்து, கண் சொக்கி, கடைசி அழுகையை அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க, உங்க மருமவ உங்களத்தான் தேடறாங்க."

"ம்?"

"நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாடிட்டோம். ஒத்துக்கமாட்டேங்கறா. காதுல சேனை வச்சது நீங்கதான? உங்க குணம் வந்துடுச்சு போல. நம்ம பாட்டெல்லாம் அவளுக்குப் பாட்டாவே தெரியல."

ஒரு கண் திறந்தது. "நெஜமாவா?"

ஜெயப்ரியா சமையல்கட்டு வாசலில் நின்றாள். அண்ணனைப் போல இல்லை அவள், சட்டென்று பிடித்துக்கொள்வாள். "ஆமாண்ணா. நான் பாடினா மூஞ்சியச் சுளிக்கறா."

"நீ பாடினா யாருதான் சுளிக்கமாட்டாங்க?"

எழுந்துவிட்டார்! பாட்டைப் போட்டார். தூளிக் கயிற்றைப் பிடித்தார். முதல் பாட்டில் நாலு பஸ்ஸும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதற்குள் குழந்தை தூங்கிவிட்டாள்.

"பாத்தியா!" என்றார் சத்தமில்லாமல். அவர் நெஞ்சு யூனிபார்ம் பட்டனைத் தெறிக்கவிடப் பார்த்தது.

"பாத்தேங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மத்தியானம் முழுக்க அவர் பொறுப்பு. ஒவ்வொன்றாகச் சேர்த்தோம்.

"ஏங்க, ஈரத் துணியோட படுத்துக்கிட்டு எப்படிங்க பாட்டக் கேப்பா?"

துணி மாற்றக் கற்றுக்கொண்டார்.

"அழுக்குத் துணி வாசனைல ரசனை கெட்டுப்போவாதாண்ணா?"

துவைக்கவும் கற்றுக்கொண்டார். டும் டும் என்று அந்தக் கம்பிக்காரரின் தாளத்தில் கல்லில் அடித்தார்.

"ஒரு கைதான கயிறு புடிக்குது. இந்தப் பூண்ட இன்னொரு கையில..."

"ஒரு கையில பூண்டு எப்படி உரிக்கறது?"

"அப்ப கயிற கால்ல மாட்டிக்கோங்க."

அது மட்டும் எங்க தப்பு. காலில் மாட்டினால் படுத்துக்கொண்டே ஆட்டலாம் என்று மறுநாள் கண்டுபிடித்துவிட்டார். பெருவிரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தார். ஜெயப்ரியாதான் காப்பாற்றினாள்.

"அண்ணா, கால்ல ஆட்டினா தாளம் தப்புது போல. கொழந்தை சிணுங்கறா."

அவர் எழுந்து உட்கார்ந்து ரொம்ப யோசித்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஒரு அரைத் தட்டு பின்னால வருது."

பூண்டை நாங்களே உரித்துக்கொண்டோம்.

கம்பெனி பஸ்ஸில் இதே பேச்சுதானாம். "என் மருமவ ஜாஸ் இல்லாம தூங்கமாட்டா." சரோஜம்மாள் ஒரு நாள் படியேறி வந்து, "சிவராஜு மாதிரி மாமன் எந்தக் கொழந்தைக்குக் கெடைக்கும்!" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் எங்க பொண்ணை அணைத்துக்கொண்டு படுத்திருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் குழல் மெதுவாக ஊதும். ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கால்நடைப் பண்ணை மரங்களின் காற்று வரும், காய்ந்த புல் வாசனையோடு. கண் மூடினால் நானும் அந்த பஸ்களில் ஏதோ ஒன்றில் ஏறியிருப்பேன். யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பக்கத்தில் ஆள் இல்லை, மடியில் குழந்தை இல்லை. மலைமேல் ஏறுகிறது. மேகம் உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எந்த ஊர் என்று தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. எங்கேயும் இறங்காமல் போய்க்கொண்டே இருப்பேன். எழுந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும்.

அஞ்சாம் மாசம் ஜெயப்ரியாவின் வீட்டுக்காரர் ஹரீஷ்குமார் கிருஷ்ணகிரியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கூப்பிட வந்தார். எங்க வீட்டுக்காரர் மாப்பிள்ளை போனை வாங்கி அதில் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, மூணாவது பாட்டுல பியானோ வர்ற எடத்துல கயிற லேசா விடணும். இழுத்தா முழிச்சுக்குவா. கால்ல ஆட்டவே கூடாது, அரைத் தட்டு தப்பும்."

ஹரீஷ்குமாருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "தெனமுங்களா மச்சான்?"

ஜெயப்ரியாவுக்குத் தன் வீட்டுக்காரரைப் பார்த்து மனசு இளகிவிட்டது. காருக்குள் உட்கார்ந்துகொண்டே சொன்னாள்:

"அதெல்லாம் ஒண்ணும் வேணாங்க. வயிறு நெறஞ்சா அவளே தூங்கிடுவா. காலையில அண்ணா கம்பெனிக்குப் போனப்புறம் யாரு பாட்டுப் போட்டாங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்க வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எங்க பொண்ணு தலைமுடியை உடனே சரிசெய்ய வேண்டியிருந்தது எனக்கு.

கார் போய்விட்டது. அவர் கீழ்ப் படியில் உட்கார்ந்தார்.

"காலையில நல்லாத் தூங்குவாளா?"

"தூங்குவாங்க."

"பாட்டே இல்லாம?"

"ம்."

"மிக்ஸி ஓடினா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அப்பவும் தூங்குவாங்க."

அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. தன் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஆஸ்பத்திரியில விரலு ஆடுச்சே மேகலா. அது?"

"அது நெஜந்தாங்க. நானும் பாத்தேனே."

அதற்குப் பிறகு வீட்டில் ஜாஸ் கிடையாது. வருவார், சாப்பிடுவார், படுப்பார். தூளி கட்டிய கொக்கி சும்மா தொங்கியது. வேலை பாதியாகக் குறைந்துவிட்டது, ஆசை தீரத் தூங்கலாம் என்று நானும் படுத்தேன். தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தேன். ஃபேன் சுற்றுகிற சத்தம், பண்ணைக் காற்று, எல்லாம் இருந்தது. பஸ் மட்டும் வரவே இல்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள், ஸ்டாப்பில் நின்று நின்று கால் வலித்த மாதிரி எழுந்து, அவர் கட்டிலோரம் போய் நின்றேன்.

"ஏங்க."

"ம்."

"அதப் போடுங்களேன்."

"எத?"

"அதாங்க. நாலு பேரு நாலு பக்கம் போவாங்களே."

கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "யாருக்கு? இப்ப உம் பொண்ணுக்கும் சேனையா?"

"அவ கீழ சரோஜம்மா வீட்டுல இருக்கா."

"பின்ன?"

நைட்டிமேல் போட்டிருந்த துண்டின் நுனியைத் திருகினேன். திருகித் திருகி அது கயிறாகவே ஆகிவிட்டது.

"எனக்குத்தான்."

ஷிப்ட் சங்கு ஊதின மாதிரி எழுந்தார்! ஸ்பீக்கரைத் துடைத்தார். ஃபேன் சத்தம் கலக்கக்கூடாதென்று அதைக் குறைத்தார். எனக்குத் தலையணை எடுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம்.

"மெதுவா ஆரம்பிக்கறது போடட்டா? நீ நெஜமாவே கேப்பியா?"

"கேப்பங்க."

குழல் தொடங்கியது. அவர் என் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னார்:

"இது பேரு ட்ரம்பெட், மேகலா. அவசரமே படமாட்டான் பாரு. பின்னாடி டும் டும்னு வர்றவன விட்டுடாத. இத யாருக்காவது சொல்லணும்னு எத்தன வருசமா காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? இப்பக் கேளு, இங்கதான்..."

இங்கே என்ன என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. நான் எழுந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது, அவர் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.