ஓடுகிற மாப்பிள்ளை

"இன்னா மாப்ள, அதுக்குள்ள நின்னுட்டீங்க? ரைட், ரைட்!"

புதுப்பட்டினம் கடற்கரையில் ஏசுபாதத்தின் விசில் பறந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிரிசில்லாவின் அப்பா. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு வருங்கால மாமனார் இப்படித் துரத்துவார் என்று ஜோயல் கனவிலும் நினைக்கவில்லை.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வெப்சைட்டால் வந்த வினை. சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்றால் சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்து, அதில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைக்கவேண்டுமாம். சொந்த ஊர் கருங்குழி, அது உண்மை. வேலையில் கொள்கை, 'தொடங்கியதைப் பாதியில் விடமாட்டேன்.' பொழுதுபோக்கு? தூக்கம் என்றா எழுத முடியும்? 'அதிகாலைக் கடலோர ஓட்டம்' என்று போட்டுவிட்டான். கருங்குழியில் கடல் ஏது, கடவுளே!

மாமனார் அதைப் படித்துத் தொலைத்தார். "நானும் டெய்லி ஓடுறவன்தான் மாப்ள! சனிக்கெழம சேந்தே ஓடலாம்."

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. "பொய் சொல்றவனுக்கு எம்பொண்ணு கெடையாது" என்று பெண் பார்த்த அன்றே சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் பிரிசில்லா கைவிட்டுப் போய்விடுவாள்.

கால் சுளுக்கு என்று சொல்லிப் பார்த்தான்.

"மணல்ல ஓடுனா தானா வுட்டுப்பூடும்" என்று தார் ரோட்டிலிருந்து மணலுக்கு இறக்கிவிட்டார்.

"கருங்குழிலேர்ந்து வர்றது தூரம் மாமா."

"என் மச்சான் வூடு பக்கத்துத் தெருவுல சும்மாதான் கீது. தங்கிக்கினு அங்கேர்ந்தே ஆபீஸ் வேலய பாருங்க. தெனம் ஓடலாம்!"

போச்சுடா! சனிக்கிழமை தினசரி ஆனது.

கடைசியில் ஜோயல் துணிந்தான். கிழவரை மிரட்டினால்தான் விடிவு.

"மாமா, நாளைக்கு மாமல்லபுரம் வரைக்கும் ஓடலாமா?"

ஏசுபாதத்தின் முகம் வெளுத்தது. தன் பளபளக்கும் ஷூவையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்கதான் பாதியில வுடாத ஆளாச்சே... போலாம், ரைட்!"

ஜோயலுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் மாமியார் செங்கம்மாள் சுக்குக் காபியோடு நின்றிருந்தாள். கணவர் சுவரைப் பிடித்தபடி உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"ஒங்க ஆசைய நான் தடுக்கல மாப்ள, ஆனா இந்த மனுசன் ஜென்மத்துல ஓடுனதே இல்ல, அந்த ஷூவே, நீங்க ஓடுறவருன்னு வெப்சைட்ல படிச்ச அன்னிக்கி வாங்குனதுதான்."