அளவில்லா இடம்

நெடுநிலம் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசு ஒரு மண்டபம் கட்டி, 'அளவில்லா இடம்' என்று முத்திரையிட்ட சீட்டுகளை விற்றது. நூறு பேர் படுக்கும் மண்டபத்துக்கு ஆறாயிரம் சீட்டுகள். எல்லாரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்பது இடத்துறை அமைச்சரின் கணக்கு.

மருத்துவச்சி சிவகாமுவும் தன் நோயாளிகளுக்காக ஒரு சீட்டு வாங்கியிருந்தாள். காய்ச்சல்காரர்களைக் கிடத்தி ஏழு நாள் கஷாயம் கொடுத்தால் பிழைத்துவிடுவார்கள். படுக்க இடம்தான் வேண்டும்.

காய்ச்சல் பரவியது. எல்லாரும் ஒரே நாளில் வந்தார்கள்.

அனைவரும் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மறுநாள், நின்றபடியும் படுக்கலாம் என்று திருத்தம் வந்தது. மூன்றாம் நாள் சிவகாமுவின் சீட்டைப் பறித்தார்கள். அவளுடைய நோயாளிகள் பதினொரு பேர்.

"என்னங்க ஐயா குத்தம்?"

"அளவுக்கு மீறிய உபயோகம்," என்றார் அமைச்சர்.

"அளவில்லா இடம்னுதானே எழுதியிருக்கு?"

"அளவில்லை என்றால், அரசு இன்னும் அளக்கவில்லை என்று பொருள். வாங்கியவர்கள் எல்லாரும் உபயோகிக்கத் தொடங்கினால் மண்டபம் என்னவாகும், அம்மா?"

அவள் நோயாளிகளை வண்டியிலேற்றி, கயிறு திரிக்கும் பொன்னுரங்கத்தின் கொட்டகைக்குப் போனாள். அவன் தரையில் கயிறு பிடித்து அளந்தான்.

"பன்னெண்டு பாய் விழும், அக்கா. ஒண்ணு என்னோடது. மிச்சம் பதினொண்ணு. அதுக்கு மேல சொன்னா பொய்."

"போதும் தம்பி. நான் அடுப்பங்கரையில உக்காந்துக்கறேன்."

இரண்டு நாள் கழித்து அமைச்சரையே காய்ச்சல் பிடித்தது. மண்டபத்தில் அவருக்கும் இடமில்லை. மழையில் நனைந்து கொட்டகை வாசலில் வந்து நின்றார். பொன்னுரங்கம் தன் பாயை உதறி அவருக்கு விரித்துவிட்டு, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

காய்ச்சல் தணிந்ததும் அமைச்சர் படுத்தபடியே ஓர் ஆணை சொல்ல, அவரைத் தேடி வந்த அரசு எழுத்தர் எழுதினார்: "பதினொருவருக்கே இடமுண்டு எனப்பட்ட கொட்டகையில் பன்னிருவர் சுகமாகப் படுத்திருப்பதை அரசு நேரில் கண்டது. ஆகவே எந்த இடத்திலும் இன்னும் ஒருவருக்கு இடமுண்டு. மேலும் ஆறாயிரம் சீட்டுகள் விற்கப்படும்."

சிவகாமு கஞ்சியை முதலில் வெளியே கொண்டுபோனாள். பொன்னுரங்கம் கோணியை விலக்கி வாங்கிக்கொண்டான்.

"எனக்கு இருக்குமா?" என்று உள்ளிருந்து அமைச்சர் கவலையோடு கேட்டார்.

"இருக்குங்க ஐயா. எத்தனை பேருன்னு எண்ணிட்டுத்தான் உலை வெச்சேன்."