மூன்று ஒப்புதல்கள்

பிழையே செய்யாத வலைத்தளம் ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்று நிரூபித்த பெருமை அந்த நீர் வழங்கல் அலுவலகத்தையே சேரும். அது குறித்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நால்வர். மின்விசிறிக்கு நேர் கீழே தலைவர். அவருக்கு வலப்புறம், காற்று பாதி வரும் இடத்தில், பொறியாளர். இடப்புறம், காற்று கால்வாசி வரும் இடத்தில், கண்காணிப்பாளர். கதவோரம், ஒரு கால் ஆடும் ஸ்டூலில், தற்காலிகத் தட்டச்சர். அவருக்கு வெளியிலிருந்து காற்று வந்தால் உண்டு.

பொருள்: வலைத்தளத்தில் புகார் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருப்பது. அறுபத்து நான்கு என்றிருக்க வேண்டியது நாற்பத்தாறு என்றிருந்தது. அந்த நாற்பத்தாறு, தட்டச்சரின் வீட்டுத் தொலைபேசி; ஆறு வாரமாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி, மிதிக்கிற காலை நிறுத்தாமலே தெருத் தெருவாகக் குழாய் உடைப்பைக் கேட்டு, நோட்டில் குறித்து, பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். பழுது பார்ப்பவரும் அலுவலகத்திலிருந்துதான் பேசுகிறார்கள் என்று நம்பி ஓடினார். அன்று காலை கத்தரிக்கோல் மேசைமேல் தடாலென்று விழுந்தது.

"என்னங்க, நேத்து போன்ல பேசிக்கிட்டே ஒரு சட்டைக்கு மூணு கை வெட்டிட்டேன். இன்னிக்குள்ள அந்த நம்பரை மாத்துங்க. இல்லேன்னா உங்க தலைவர் வீட்டு நம்பரைக் குடுங்க. வர்ற கூப்பாடு எல்லாத்தையும் அங்க திருப்பி விட்டுடறேன்."

"அதை வெளியில சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா. வேலை போயிடும்."

"வேற எதுக்குத்தான் உங்களுக்கு அனுமதி இருக்கு?"

"பார்க்கறதுக்கு."

பொய்யில்லை. அந்த வலைத்தளத்தில் ஒரு புள்ளி மாற வேண்டுமானாலும் 'எழுதுபவர்' ஒருவர் எழுத வேண்டும், 'ஒப்புதல் அளிப்பவர்' ஒருவர் ஒப்ப வேண்டும், 'பார்வையாளர்' பார்க்கலாம். இந்தப் பொறுப்புகளைப் பணிமூப்புப்படி பங்கிட்டிருந்தார்கள். தலைவர் ஒப்புதல் அளிப்பவர். பொறியாளர் மட்டும் இளைத்தவரா? அவரும் அதுவே. கண்காணிப்பாளரை எழுதுபவர் ஆக்கலாமா என்ற பேச்சு எழுந்ததும் அவர் கண் கலங்கிவிட்டார். "இருபத்தாறு வருஷம் கையெழுத்துப் போட்ட கை சார் இது. இதைப் போய் எழுதச் சொல்றீங்களே!" ஆக, மூவரும் ஒப்புதல் அளிப்பவர்கள். மிஞ்சியவர் பார்வையாளர்.

எழுத ஆளில்லாததால் ஒப்புதலுக்கு எதுவும் வரவில்லை. எதுவும் வராததால் பிழை நேரவில்லை. இருந்த ஒரே பிழை, தளத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர் விட்டுச் சென்றது. அதற்கு இவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

"சார், எழுதுற அனுமதியை ரெண்டே நிமிஷம் எனக்குக் குடுங்க. மாத்திட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றார் தட்டச்சர். ஸ்டூல் ஆடியது.

தலைவர் கனிவோடு சிரித்தார். "தம்பி, இன்னிக்கு நம்பரை எழுதுவே. நாளைக்குக் கை சும்மா இருக்குமா? 'தண்ணீர் வரும் நேரம்'னு ஒரு இடம் இருக்கே, அங்க உண்மையை எழுதிட்டேன்னா?"

பாதிக் காற்றிலும் பொறியாளருக்கு வியர்த்தது.

கண்காணிப்பாளர் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு மட்டும் புரியல சார். புகாரே வரல. ஆனா உடைஞ்ச குழாயெல்லாம் சரியாயிருக்கு. எப்படி?"

இதற்குத்தான் காத்திருந்தவர்போலத் தட்டச்சர் எழுந்தார். மனைவியின் நோட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பாராட்டு கிடைக்கும், அந்தச் சூட்டோடு எண்ணும் மாறும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. "எங்க வீட்டுலதான் சார் பார்த்துக்கறாங்க. நூத்திப் பன்னெண்டு புகார்."

மூவரும் புரட்டினார்கள். தேதி, தெரு, உடைப்பு, சரிசெய்த நேரம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. தலைவர் தீயைத் தொட்டவர்போல நோட்டை மேசைமேல் போட்டார்.

"எழுதியிருக்காங்களே!" என்றார் தலைவர். "யாரோட ஒப்புதல்ல?"

"நூத்திப் பன்னெண்டு தடவை சார்" என்று பொறியாளர் எடுத்துக்கொடுத்தார்.

"வெளியாள் வேற" என்றார் கண்காணிப்பாளர்.

எண்ணை மாற்றும் பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவசரமான பொருள் வந்துவிட்டதல்லவா? தலைவர் எழுந்து நின்று சொல்லச் சொல்ல, தட்டச்சர் தன் மனைவிக்கான விளக்கம் கோரும் கடிதத்தைத் தட்டினார். "உரிய அனுமதியின்றிப் பொதுமக்களின் குழாய்களைச் சரிசெய்வித்த குற்றத்துக்கு..."

"விளக்கத்தை என்கிட்டயே நேரா சொல்லணும்" என்றார் தலைவர். "என் வீட்டு நம்பரைப் போடுப்பா. எந்த நேரமும் கூப்பிடலாம்னு எழுது. பெருந்தன்மையா இருக்கட்டும்."

தட்டச்சரின் விரல்கள் நின்றன. "வீட்டு நம்பரா? இதுக்கு ஒப்புதல் இருக்கா சார்?"

"ஒண்ணுக்கு மூணா இருக்குய்யா!"

மூவரும் கையெழுத்திட்டார்கள். தட்டச்சர் அந்த எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் விரல் வைத்து மூன்று முறை சரிபார்த்தார். மடித்தார். உறையில் தன் வீட்டு முகவரியையே எழுதினார். பசை தடவி, ஓரங்களை நகத்தால் நீவி ஒட்டி, மாலைத் தபால் எடுப்பதற்குள் தெருமுனைப் பெட்டியில் தானே போட்டுவிட்டு வந்தார். ஆறு வாரத்தில் அந்த அலுவலகம் வெளியிட்ட முதல் சரியான தொலைபேசி எண் அதுதான்.