மாமாவின் பெயருக்கு நான் சொன்ன அர்த்தம்

கைடு வேலை பார்க்கிறவனிடம் எதற்கும் அர்த்தம் கேட்கக் கூடாது. போதும் என்றாலும் நிறுத்த மாட்டான். நான் சீகிரியாவில் கைடு.

ரிஸ்னாவை எனக்குப் பேசி, அவள் வீட்டு ஆண்கள் கலேவெலயிலிருந்து மாப்பிள்ளை பார்க்க அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவளைக் கட்டாவிட்டால் நான் உயிரோடு இருந்தே பிரயோசனமில்லை என்றிருந்த காலம் அது. (இப்போதும் அப்படித்தான். இதை அவள் வாசிப்பாள்.) அவளுடைய வாப்பா பெயர் யாகூப். மிளகுத் தோட்டப் பங்குத் தகராறில் பல வருஷம் பேசாமலிருந்த நானாவை, அதாவது தன் மூத்த சகோதரரை, இந்தக் கல்யாணத்தைச் சாட்டிச் சமாதானமாக்கி, அன்றுதான் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் கொடுமை.

என் வாப்பா சும்மா இருக்காமல், "எந்தப் பேரைச் சொன்னாலும் இவன் அர்த்தம் சொல்லுவான்" என்றார்.

"அப்ப என் பேருக்குச் சொல்லுங்களேன் மகன்" என்றார் யாகூப் மாமா.

'பின்னால் வருபவர்' என்று சொல்லிவிட்டு வட்டிலப்பத்தைச் சாப்பிட்டிருக்கலாம். சாப்பிட்டேனா? தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பி நின்றேன்.

"நபிமார் பேர், மாமா. பழைய ஹீப்ரு பாஷையில குதிகாலுக்கு உள்ள சொல்லோட சேர்ந்தது. ரெட்டைப் புள்ளையில பின்னால பொறந்தவர், நானாட குதிகாலைப் புடிச்சிக்கிட்டே வந்தாராம்னு வேதக்காரங்க சொல்றாங்க. அதால, நானாட பங்கைத் தட்டிப் பறிக்கிறவர்னும் ஒரு அர்த்தம் ஈக்கி..."

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாமாவின் நானா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "இதைத்தானேடா நான் இவ்வளவு காலமும் சொன்னேன்!"

மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "வாங்க, போவோம்."

போச்சு. எல்லாம் போச்சு. அழுகையே வந்துவிட்டது எனக்கு. குசினிக்குள் அடுப்படியில் நின்ற உம்மா, "யா அல்லாஹ்!" என்றது எனக்குக் கேட்டது.

ஆனால் நானா எழும்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இரு யாகூபு! பள்ளிவாசல்ல நியாயம் பேச வந்த ஒருத்தனுக்கும் ஒன் மொகத்துக்கு நேர இதைச் சொல்லத் தைரியம் வரல்ல. இந்தப் பொடியன் சொன்னான். புள்ளைய இவனுக்கே குடு. இல்லாட்டி நான் மறுபடியும் ஒன்னோட பேச மாட்டேன்."

மாமா உட்கார்ந்தார். மகளைத் தந்தார். இன்றுவரை என்னோடு மூன்று சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

ஜும்ஆவுக்கு அவர் பின்னால் நான் நடந்து போனால், பள்ளிவாசல் கேட்டிலிருந்தே நானா சத்தம் போடுவார்: "யாகூபு, குதிகால் கவனம்! மருமகன் பின்னால வாறான்!"

மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஓரமாக ஒதுங்கி நின்று, என்னை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டுவார்.