சேதுபதி கேபிள் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

டக்கென்று ஒரு சத்தம். இடது கைப்பக்க லீவர் எந்த முறுக்கும் இல்லாமல் சேதுபதியின் விரல்களுக்குள் வந்து படுத்துக்கொண்டது. கிளச்சு கேபிள் அறுந்துவிட்டது என்று அவனுக்கு உறைப்பதற்குள் மோட்டார் சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கி, காஜா பேராங் சாலையின் நடுவிலேயே நின்றுவிட்டது. பின்னால் கட்டியிருந்த வாழையிலைக் கட்டு சரிந்து அவன் முதுகில் சாய்ந்தது.

வேறொரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்திவிட்டுத் தூங்கியிருப்பான். இன்று மத்தியானம் புக்கிட் பாருவிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை என்றால் சேதுபதி. சேதுபதி என்றால், தரகர் கலியாணசுந்தரத்தின் அகராதியில், மோட்டார் சைக்கிள்.

"உன் மூஞ்சிய எவன் பாக்கப் போறான் தம்பி?" என்று தரகர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். "கரண்டு இலாகாவுல மீட்டர் படிக்கிற வேலை, சொந்த மோட்டரு. ரெண்டும் போதும். வண்டியத் தொடச்சு வாசல்ல நிறுத்து. மத்தத நான் பேசிக்கிறேன்."

தரகர் சொன்னதில் அனுபவம் இருந்தது. போன வருஷம் தெங்கேராவில் பார்த்த சம்பந்தம், "மாப்பிள்ளை எங்க போனாலும் நடந்தே போறாராமே" என்ற ஒரே காரணத்தால் தட்டிப்போனது. அந்த ரோஷத்தில்தான், ஊரைக் காலிசெய்துகொண்டு சீமைக்குக் கப்பலேறவிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் சேதுபதி இந்த வண்டியை வாங்கினான்.

ஆனால் இந்தச் சம்பந்தம் தெங்கேரா சம்பந்தம் மாதிரி இல்லை. பெண்ணை அவன் பார்த்திருக்கிறான். மீட்டர் படிக்கப் போன வீட்டில், குரைத்துக்கொண்டிருந்த நாயின் சங்கிலியைப் பிடித்தபடி, "கடிக்காது. ஆனா நம்பாதீங்க" என்று சொன்ன கமலவேணி அவள். அன்றைக்கு மீட்டரைப் பார்த்துவிட்டுத் தெருமுனைக்கு வந்த பிறகுதான் அவனுக்கு எண் எதுவுமே நினைவில் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய் மறுபடி படித்தான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பெண்ணைப் பற்றிய யோசனையே இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராகச் சீன மெக்கானிக் ஆ ஹோக்கின் பட்டறைக்குப் போனான். மெர்டேக்கா என்கிற சுதந்திர தின ஊர்வலத்துக்காக ஒரு லாரிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஆ ஹோக், தலையைத் திருப்பாமலே மலாயில் சொன்னான்.

"இன்னிக்கு முடியாது. நாளைக்கு வா."

"நாளைக்கு எனக்கு மோட்டரு வேணாம். இன்னிக்குத்தான் வேணும்."

"இன்னிக்கு எனக்கு லாரி."

"சரி, கேபிளக் குடு. நானே மாத்திக்கிறேன்."

ஆ ஹோக் பெயிண்ட் பிரஷைக் கீழே வைத்துவிட்டு அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "நீயா?"

"ஏன்? நாட்டையே நாமளே ஓட்டப் போறோம். ஒரு கேபிள நம்மால மாத்த முடியாதா?"

"நாட்டுக்குக் கிளச்சு கிடையாதே" என்றான் ஆ ஹோக். ஆணியில் தொங்கிய கேபிள்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "இது வேற மாடலுக்கு உள்ளது. கொஞ்சம் நீளம். ஜாக்கிரத."

வீட்டில் அக்கா அஞ்சலை அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று சபதம் எடுத்திருந்தவள். வாழையிலையை வாங்கிக்கொண்டு, "போய்க் குளிச்சுட்டு வேட்டி கட்டிக்கிட்டு உக்காரு" என்றாள்.

"கொஞ்ச நேரங்க்கா. கேபிள் அறுந்துபோச்சு."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. வாசல்ல சும்மா நின்னாலும் மோட்டரு மோட்டருதானேடா?"

"கெளப்பிக் காட்டுங்கன்னு கேட்டா?"

அக்கா மறுபடி கேசரியைக் கிண்டப் போனாள். சேதுபதி சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். அறுந்த கேபிளை லீவர் பக்கத்திலிருந்து பிடித்து ஒரே இழுப்பில் உருவி வெளியே போட்டான். அவ்வளவுதான் விஷயம், பாதி வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டான். புதியதைக் கையில் எடுத்த பிறகுதான், பழையது எந்த வழியாகப் போயிருந்தது என்று பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நூர்ஜஹான் எட்டிப் பார்த்தாள். தெருவே அவளை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும்.

"ஏன் தம்பி, பழச உருவுறதுக்கு முன்னாடி அதோட நுனியில புதுசக் கட்டி இழுத்திருக்கலாமில்ல? பாவாடைக்கு நாடா நான் அப்படித்தான் கோப்பேன்."

"இது பாவாடை இல்ல லாத்தா. மிஷினு."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் வேலியில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவள் போவதாக இல்லை.

கேபிள் பெட்ரோல் டேங்குக்கு அடியில் எங்கேயோ நுழைந்து போகிறது. டேங்கைக் கழற்றாமல் வழி தெரியாது. சேதுபதி டேங்கின் திருகுகளைக் கழற்றினான், குழாயைப் பிடுங்கினான். குழாயைப் பிடுங்குவதற்கு முன் அதை அடைக்க வேண்டும் என்பது பெட்ரோல் அவன் முழங்கை வழியாக ஓடத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெட்ரோல் வாசல் கோலத்தைக் கலைத்துக்கொண்டு, சமையற்கட்டுப் பக்கம் நிதானமாக நடந்தது.

"அக்கா! அடுப்ப அணை! அடுப்ப அணை!"

அஞ்சலை என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். அதில் பாதி கேசரியில் விழுந்தது.

"கேசரி கஞ்சியாப் போச்சுடா பாவி!"

"பரவால்லக்கா. பாயாசம்னு சொல்லிக்கலாம்."

அவன் குரலில் கொஞ்சமும் தளர்ச்சி இல்லை. வாசலைக் கழுவிவிட்டான், டேங்கை ஓரமாக வைத்தான், கேபிளை நுழைத்தான். மேல் நுனியை லீவரில் மாட்டி, கீழ் நுனியை எஞ்சின் பக்கத்துக் கொக்கியில் மாட்டினான். ஆ ஹோக் பொய் சொல்லவில்லை. கேபிள் தளர்ந்து தூளி மாதிரி தொங்கியது. சரிசெய்யும் திருகைக் கடைசிவரை திருகிப் பார்த்தான். தூளி அப்படியே இருந்தது.

"நீளமா இருந்தா வெட்டிட வேண்டியதுதான்" என்றான் தனக்குத்தானே.

"யோசிச்சு வெட்டு தம்பி" என்றாள் லாத்தா.

யோசித்துவிட்டுத்தான் வெட்டினான். ஆனால் வெட்டி விழுந்த துண்டின் நுனியில்தான் கேபிளைக் கொக்கியில் பிடித்து நிறுத்தும் ஈயக்குண்டு இருந்தது. இப்போது கேபிளின் நீளம் சரியாக இருந்தது. பிடித்துக்கொள்ளத்தான் அதற்கு ஒன்றும் இல்லை. கொக்கியில் மாட்டினால், கரண்டியில் எடுத்த நூடுல்ஸ் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

இன்னொருவனாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். சேதுபதி வீட்டுக்குள் ஓடிப் போய்த் தன் வேலைப் பையைக் கொட்டினான். அதில் கரண்டு ஒயர்களை இணைக்கிற சின்னப் பித்தளைக் கட்டை ஒன்று கிடைத்தது. கேபிளை அதற்குள் விட்டு, அதன் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். லீவரை அழுத்தினான். கேபிள் விறைத்தது. கொக்கி நகர்ந்தது.

"அப்படிப் போடு!" என்று லாத்தாவே கைதட்டினாள்.

டேங்கை ஏற்றி, மிச்சமிருந்த பெட்ரோலோடு வண்டியை உதைத்துக் கிளப்பினான். கிளம்பியது. முதல் கியரைப் போட்டு லீவரை விட்டான். எஞ்சின் தெருவே அதிரும்படி கத்தியது; வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. கேபிள் அதிகமாக விறைத்துப்போனதால் கிளச்சு பிடிக்கவே மாட்டேன் என்கிறது. தளர்த்தினான். போதாது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினான்.

இந்தத் தடவை லீவரை முழுதாக அழுத்திக்கொண்டுதான் கியரைப் போட்டான். லீவருக்கும் கிளச்சுக்கும் இடையில் இப்போது எந்த உறவும் மிச்சமில்லை. வண்டி துள்ளிப் பாய்ந்தது. சேதுபதி அதன்மேல் பாதி உட்கார்ந்தும் பாதி ஓடியும் கூடவே போனான். மூங்கில் வேலி படீரென்று பிளந்தது. லாத்தா அலறிக்கொண்டு ஒதுங்கினாள். காய்ந்துகொண்டிருந்த அவள் வீட்டுக்காரருடைய கைலி ஒன்றைச் சேதுபதி தலையில் வாங்கிக்கொள்ள, வண்டி கோழிக்கூண்டில் மோதி அணைந்தது. கோழிகள் நாலா பக்கமும் பறந்தன.

கைலிக்குள்ளிருந்து சேதுபதியின் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல லாத்தா. கேபிள்ல தப்பு இல்ல. தப்பு கிளச்சுக்குள்ளதான் இருக்கு."

"தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் லாத்தா. ஆனாலும் வண்டியை நிமிர்த்திப் பின்னால் தள்ள அவள்தான் ஒரு கை கொடுத்தாள்.

வாசலில் பழைய பாய் ஒன்றை விரித்து, எஞ்சினின் பக்க மூடியைத் திறந்தான் சேதுபதி. கறுப்பு எண்ணெய் வழிந்து பாயை நனைத்தது. உள்ளே தட்டுத் தட்டாக ஏதோ அடுக்கியிருந்தது. நடுவில் இருந்த திருகை லேசாகத்தான் திருப்பினான். அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங்குகள் விடுதலை கிடைத்தமாதிரி எகிறிப் பறந்தன. ஒன்று கூரையில் விழுந்த சத்தம் கேட்டது. ஒன்று லாத்தா வீட்டுக் கோழிகளைத் தேடிப் போனது.

"டேய், பஸ்ஸு வந்துட்டுதாம்டா!" அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். "குளிடா!"

குளிக்க நேரமில்லை. தெருமுனையில் தரகரின் கறுப்புக் குடை தெரிந்தது. அவருக்குப் பின்னால் பெண்ணின் அப்பா கணேசமூர்த்தி. அவருடைய தங்கை பாக்கியலட்சுமி, தாம்பாளத்தைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு.

சேதுபதி எழுந்து நின்று, ஸ்பேனர் பிடித்த கையோடு கும்பிட்டான். பெட்ரோலும் எண்ணெயும் கோல மாவும் கோழி இறகும் அவன்மேல் இருந்தன. பாய் முழுக்க மோட்டார் சைக்கிள் துண்டு துண்டாகப் பரந்து கிடந்தது. ஹாண்டில்பார் ஒரு பக்கம் கோணியிருந்தது. தரகர் கலியாணசுந்தரம் வாயைத் திறந்தார், மூடினார், குடையையும் மூடினார்.

கணேசமூர்த்தி பாயைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் நடந்தார். குனிந்து ஒரு தட்டை எடுத்துப் பார்த்தார். பிளந்து கிடந்த வேலியைப் பார்த்தார்.

"இவ்வளவும் நீங்களே செஞ்சதா தம்பி?"

"ஆமாங்க." பொய் சொல்ல சேதுபதிக்கு வாய் வரவில்லை. "காலையிலேருந்து இதே வேலைதாங்க."

"யாரும் தடுக்கலியா?"

"எல்லாரும் வேணாம்னுதான் சொன்னாங்க. நான் கேக்கல. மனசுல ஒண்ண முடிவு பண்ணிட்டா நான் பின்வாங்க மாட்டேங்க. இன்னிக்குள்ள இத ஒரு வழி பண்ணாம ஓயமாட்டேன்."

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள்.

சேதுபதி பாயில் உட்கார்ந்தான். முடிந்தது. இப்படி ஒரு மடையனுக்கா பெண் கொடுப்பது என்று மனுஷன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உள்ளே பாயாசமாகிப்போன கேசரியைக் கிண்ணத்தில் ஊற்றுகிற சத்தம் கேட்டது.  நாய்ச் சங்கிலியைப் பிடித்து நின்ற கமலவேணியின் முகம் வந்துபோனது. அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு மீட்டர் படிக்க எந்த முகத்தோடு போவது?

இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. சம்பந்தம் போனால் போகட்டும், வண்டியைப் பூட்டாமல் விடுவதில்லை என்று வீம்பாகத் தட்டுகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினான். கூரைமேல் ஏறி ஒரு ஸ்பிரிங்கை மீட்டான். கோழிக்கூண்டுப் பக்கம் தவழ்ந்து போய் இன்னொன்றை எடுத்தான். அவன் திரும்பி வந்தபோது எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தாம்பாளம் அவள் கையில் இருந்தது.

கணேசமூர்த்தி எண்ணெய் என்றும் பார்க்காமல் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, ஐப்பசியில நாள் பாத்துடலாம். எனக்கு இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல."

சேதுபதிக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. தரகரைப் பார்த்தான். தரகர் எதிர்வீட்டுத் தென்னைமரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ரொம்ப நன்றிங்க மாமா! கொஞ்சம் உக்காருங்க. எல்லா ஸ்பிரிங்கும் கெடச்சிருச்சு. இதோ மாட்டி, கேபிள ஒரு திருகு திருகிட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். நானே உங்கள ஒவ்வொருத்தரா பஸ் நிக்கிற எடத்துல கொண்டுபோய் விட்டுடுறேன்!"

பாக்கியலட்சுமி பதறிப்போய் அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஐயையோ, திரும்ப மாட்டிடாதீங்க மாப்பிள்ள! ஆளப் புடிச்சிருக்கு, ஆனா மோட்டரு ஓட்டுறவரக் கட்டிக்க மாட்டேன்னு எங்க கமலா சொன்னத இந்தத் தரகர் உங்ககிட்ட வந்து சொன்னதுமே, நீங்க அவளுக்காக வண்டியையே உடைச்சுப் போட்டுட்டீங்கன்னுதானே எங்கண்ணன் உள்ள உக்காந்து அப்படி அழுதாரு!"