உறைந்துபோன வைத்தியப் புத்தகம்

எனக்குத் தைரியம் அதிகம் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. அன்று நான் செய்தது தைரியமா, முட்டாள்தனமா என்பதில்தான் வீட்டில் இன்னும் சண்டை.

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயம். லௌடோகாவில் நான் ஆசிரியை. பள்ளி நூலகமும் என் பொறுப்பு. ஆக்லாந்துக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், பிரசவ வைத்தியம் பற்றிய மிகப் பழைய தமிழ் அச்சுப் புத்தகத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் புழு!

உறைய வைத்தால் பூச்சி சாகும் என்று படித்திருந்தேன். பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, பக்கத்து ஊரான ட்ராசாவில், எனக்குப் பழக்கமான மரியம் அக்கா வீட்டு ஃப்ரீசரில், ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் நடுவே வைத்தேன்.

சில வாரங்களில் அக்காவும் சிட்னிக்குக் கிளம்பிவிட்டார்.

"ஃப்ரீசரை வித்தாச்சு பஹினி (தங்கச்சியாம்). உன் கிதாபை எடுத்துக்கோ. கறின்னு நெனச்சு வெட்டப் பார்த்தேன்!"

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கணவரோடு பஸ் ஏறினேன். வழியில் ராணுவச் சோதனை. துப்பாக்கியோடு ஏறிய சிப்பாய், பனி படிந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"என்ன இது? பிரி."

குளிர் விடுவதற்குள் பிரித்தால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். இதை நிதானமாக விளக்கியிருக்கலாம். நானோ அலறினேன்: "தொடாதீங்க! பிரிச்சா எல்லாம் போச்சு!"

பஸ் ஒரே நொடியில் காலி. ஜன்னல் வழியே முதலில் குதித்தவர் என் கணவர். துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. நான் பொட்டலத்தை மட்டும் விடவில்லை.

"புத்தகம் சார்! பழைய வைத்தியப் புத்தகம்! குளிர் போகட்டும், நானே பிரிக்கிறேன்!"

சாலையோர மாமரத்தடியில் என்னை உட்கார வைத்து, எதிரே சிப்பாயும் உட்கார்ந்தார். மத்தியானம்வரை காவல். கணவர் அவ்வப்போது கரும்புக்காட்டிலிருந்து தலையை நீட்டி, நான் உயிரோடிருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

கடைசியில் பிரித்தேன். ஒரு தாள்கூட நனையவில்லை. ஒரு புழுகூட நெளியவில்லை. (அந்த நிமிஷத்தில் பெருமையில் என் தலை மாமரக் கிளையை முட்டியிருக்கும்.) கருவில் குழந்தை சுருண்டிருக்கும் படத்தின்மேல் சிப்பாயின் விரல், தொடாமல், காற்றிலேயே நின்றது.

"என் மனைவிக்கு எட்டாம் மாசம். என்ன எழுதியிருக்கு?"

"இந்தச் சமயத்துல அவளைத் தனியா விடக் கூடாதுன்னு." (உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.)

 அவர் எழுந்துபோய், அடுத்த பஸ்ஸைத் தானே கைகாட்டி நிறுத்தினார். "பத்திரமா கொண்டு போங்க, டீச்சர்."

பிற்பாடு நாங்களும் மெல்போர்னுக்கு வந்துவிட்டோம். புத்தகம் லௌடோகாவில் அந்தப் பள்ளி நூலகத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விருந்தாளிகளிடம் நான் இந்தக் கதையை ஆரம்பித்தாலே, என் மகள் குறுக்கே வந்து முடித்துவிடுவாள்:

"அம்மா புத்தகத்தைக் காப்பாத்தினாங்க. அப்பா அப்பாவைக் காப்பாத்திக்கிட்டார்."